திருவெறும்பூர் பக்கம் குடிவருகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சிக்கு மாற்றலாகி வருபவர்கள், பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க வருபவர்கள், ஓய்வு பெற்றதும் ஒரு மனை வாங்கிப் போடலாமா என்று யோசிப்பவர்கள் எல்லாரும் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்கள் இங்கே.

திருவெறும்பூர் திருச்சிக்குள் இருக்கிறதா, தனி ஊரா?

இரண்டும்தான். திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் கிழக்கே சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர் வந்தால் திருவெறும்பூர். பேரூராட்சியாக இருந்தது, 2011இல் திருச்சி மாநகராட்சியோடு சேர்ந்தது. பாப்பாக்குறிச்சி, எல்லக்குடி, கீழக்கல்கண்டார்கோட்டை ஊராட்சிகளும் அப்போதுதான் சேர்ந்தன. ஆனால் திருவெறும்பூர் என்பது ஒரு வட்டத்தின் பெயர், ஒரு சட்டமன்றத் தொகுதியின் பெயரும்கூட. அந்த அர்த்தத்தில் துவாக்குடி நகராட்சி, கூத்தைப்பார் பேரூராட்சி, நாவல்பட்டு ஊராட்சி எல்லாமே “திருவெறும்பூர் பக்கம்”தான்.

ஆக, அடுத்தடுத்த தெருக்காரர்கள் இருவரில் ஒருவர் மாநகராட்சிக்கு வரி கட்டுவார், இன்னொருவர் ஊராட்சிக்குக் கட்டுவார். குடிநீர் இணைப்பு, குப்பை வண்டி, கட்டட அனுமதி எல்லாம் இதைப் பொறுத்தே மாறும். வீடு பார்க்கும்போது முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

மிச்சமிருக்கும் ஊராட்சிகளையும் மாநகராட்சியில் சேர்க்கப் போகிறார்கள் என்ற பேச்சு எழும்போதெல்லாம் கிராமங்களில் எதிர்ப்பு கிளம்புகிறது. வரி ஏறும், நூறு நாள் வேலை போய்விடும் என்பது அவர்கள் கவலை. மனை விற்பவர்களோ அதே செய்தியைச் சொல்லித்தான் விலையைக் கூட்டுகிறார்கள்.

இது டெல்டா என்கிறார்கள். வந்து பார்த்தால் பட்டறையும் புகையும்தானே தெரிகிறது?

நெடுஞ்சாலையில் மட்டும் வந்து போனால் அப்படித்தான் தெரியும். தஞ்சாவூர் சாலையை ஒரு கோடாக வைத்துக்கொள்ளுங்கள். கோட்டுக்கு வடக்கே காவிரி. சர்க்கார்பாளையத்திலிருந்து பனையக்குறிச்சி, வேங்கூர் வழியாகக் கல்லணை போகும் கரைச் சாலையில் போனால் நெல்லும் வாழையும்தான். வண்டல் மண், ஆற்றுப் பாசனம். கோட்டுக்குத் தெற்கே நிலம் மேடாகிறது. செம்மண், சரளை, அடியில் பாறை. மழையை நம்பிய ஏரிகள் ஆங்காங்கே. பெரிய தொழிற்சாலைகளும் கல்லூரிகளும் இந்தத் தெற்குப் பக்கத்து மேட்டு நிலத்தில்தான் வந்தன. நஞ்சையைத் தொடாமல் ஆலை கட்ட இடம் இருந்தது இந்த வட்டாரத்தின் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன்.

இரண்டுக்கும் நடுவே உய்யக்கொண்டான் வாய்க்கால். பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, திருச்சி நகருக்குள் புகுந்து வெளியேறி, வாழவந்தான்கோட்டை ஏரி வரை வருகிறது. உய்யக்கொண்டான் என்பது முதலாம் இராஜராஜனின் பட்டப்பெயர்களில் ஒன்று, வாய்க்காலும் அவன் காலத்தது என்பது வழக்கு. நகரத்துச் சாக்கடை பல இடங்களில் இதில் கலக்கிறது. அதைத் தாண்டி வரும் தண்ணீரில்தான் இந்தப் பக்கத்து வயல் விளைகிறது. ஆயிரம் வருஷம் ஓடிய வாய்க்காலை ஒரு தலைமுறையில் சாக்கடையாக்குகிறோமே என்று கேட்காத விவசாயி இங்கே இல்லை.

அப்படியானால் இது பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் வருமா?

வராது. விவசாயத்தைக் கெடுக்கும் தொழில்கள் புதிதாக வராமல் தடுக்கும் மண்டலம் அது. 2020இல் அதற்கான அறிவிப்பு வந்தபோது திருச்சி மாவட்டத்தின் பெயரும் அடிபட்டது. சட்டமாக வந்தபோது தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் சில வட்டாரங்களும்தான் இருந்தன. மயிலாடுதுறை பின்னால் சேர்ந்தது. திருச்சி விடுபட்டுப்போனது. கல்லணைக்கு இந்தப் பக்கம் காவிரித் தண்ணீரில் விளையும் வயலுக்கு அந்தச் சட்டத்தின் காப்பு கிடையாது. வேங்கூர்ப் பக்கம் வயலுக்கு நடுவே கல் ஊன்றிக் கொடி கட்டியிருப்பதைப் பார்த்தால், இதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

“பாய்லர்” என்கிறார்களே, அது என்ன?

மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனமான பி.எச்.இ.எல்.லின் திருச்சி ஆலை. உள்ளூரில் பெல் என்பார்கள், பெரியவர்கள் வாயில் இன்னும் பாய்லர் பிளாண்ட்தான். அனல்மின் நிலையங்களுக்கான உயரழுத்தக் கொதிகலன்கள் செய்யும் ஆலை. செக்கோஸ்லோவாக்கியாவின் தொழில்நுட்ப உதவியோடு கட்டப்பட்டு 1965இல் உற்பத்தி தொடங்கியது. அந்த நாடே இப்போது வரைபடத்தில் இல்லை, ஆலை ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரு ஆலை ஊரை எப்படி மாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் மாவட்டத்தில் இல்லை. பொன்மலை ரயில்வே பணிமனை 1920களிலேயே வந்துவிட்டதால் இரும்பு வேலை தெரிந்தவர்கள் திருச்சியில் ஏற்கெனவே இருந்தார்கள். ஆனால் பாய்லர் வந்த பிறகுதான் அது ஒரு வட்டாரத்தின் பிழைப்பாகவே ஆனது. வேலைக்கு வந்தவர்களில் தஞ்சை, புதுக்கோட்டைக் கிராமங்களின் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் ஏராளம். ஒருவர் மாதச் சம்பளம் வாங்கினார், தம்பியைப் படிக்க வைத்தார், ஊரில் நிலத்தை அண்ணன் பார்த்துக்கொண்டார். ஆற்றில் தண்ணீர் வராத வருஷங்களை டெல்டாவின் பல குடும்பங்கள் தாண்டியது இந்தச் சம்பளத்தை வைத்துத்தான். காட்டூரிலும் திருவெறும்பூரிலும் இன்று நிற்கும் வீடுகளில் பாதிக்குமேல் ஏதோ ஒரு பொதுத்துறை ஊழியரின் வருங்கால வைப்பு நிதியில் எழும்பியவை என்று சொன்னால் இங்கே யாரும் மறுக்க மாட்டார்கள்.

ஆலையோடு கைலாசபுரம் என்ற குடியிருப்பும் வந்தது. செக்டர் செக்டராகப் பிரித்து, அகலமான தெருக்கள், பள்ளிகள், மருத்துவமனை, மைதானங்கள், நிறைய மரங்கள். ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, நிழலை விட்டுப் போக மனமில்லாமல் சுற்றுவட்டாரத்திலேயே வீடு கட்டிக்கொண்டவர்கள் ஒரு பெரும் கூட்டம். நாவல்பட்டு அண்ணா நகர்ப் பக்கம் காலையில் நடக்கப் போனால் அவர்களைப் பார்க்கலாம். பேச்சு பெரும்பாலும் பென்ஷனைப் பற்றியோ, வெளிநாட்டுப் பேரப்பிள்ளையைப் பற்றியோதான் இருக்கும்.

குடியிருப்புக்குள் வெளியாட்கள் போகலாமா?

குடியிருப்புத் தெருக்களுக்குப் போகலாம், வழக்கமாகத் தடை இல்லை. கணேசா ரவுண்டானா என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். ஆலைக்குள் அனுமதியில்லாமல் போக முடியாது.

துப்பாக்கித் தொழிற்சாலை என்கிறார்களே?

1960களில் தொடங்கப்பட்ட மத்திய அரசின் படைக்கலத் தொழிற்சாலை. நாவல்பட்டுப் பக்கம் இருக்கிறது. ‘டார்’ என்று சுருக்கி அழைக்கப்படும் திருச்சி அசால்ட் ரைபிள் இங்கே உருவானது. நாட்டின் படைக்கலத் தொழிற்சாலைகளை 2021இல் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரித்தபோது, இது அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்யுப்மென்ட் இந்தியா நிறுவனத்தின் கீழ் போனது. அதை எதிர்த்துத் தொழிலாளர்கள் இங்கேயும் போராடினார்கள். பக்கத்திலேயே எச்.ஏ.பி.பி. என்ற உலோகக்கலவைத் தொழிற்சாலை. படம் எடுக்கிறேன் என்று சுற்றுச்சுவர் ஓரமாக கேமராவைத் தூக்கிக்கொண்டு நிற்காதீர்கள்.

ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்தவர்களுக்கு வேலை கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் ஆலைக்குள் நிரந்தர வேலை என்ற கனவோடு வந்தால் காத்துக் காத்து வயதாகிவிடும். வேலை இருப்பது துவாக்குடி சிட்கோ தொழிற்பேட்டையிலும் அதைச் சுற்றியுள்ள ஃபேப்ரிகேஷன் பட்டறைகளிலும். பெல் கொடுக்கும் ஆர்டரை வைத்தே பிழைத்த சிறு தொழில்கள் இவை. 2010களின் நடுவில் புதிய அனல்மின் திட்டங்கள் குறைந்து ஆர்டர் வறண்டபோது பல பட்டறைகள் ஆட்களைக் குறைத்தன, சில பூட்டியே விட்டன. ஒரே வாடிக்கையாளரை நம்பித் தொழில் செய்வதன் ஆபத்து அப்போதுதான் உறைத்தது. அதன்பின் தாக்குப்பிடித்தவர்கள் ரயில்வே, சர்க்கரை ஆலை, பாலம், வெளிநாட்டு ஏற்றுமதி என்று வேறு வேறு வேலைகளைத் தேடிப் போனவர்கள்.

வெல்டிங் தெரிந்தால் கதையே வேறு. பெல் வளாகத்தில் 1975இலிருந்து வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. அங்கே பயிற்சியும் சான்றும் பெற்ற வெல்டருக்கு வளைகுடா நாடுகளில் மதிப்பு உண்டு. உயரழுத்தக் குழாயில் எக்ஸ்ரே எடுத்தாலும் குறை தெரியாமல் பற்றவைப்பவரை இங்கே பெரிய கைக்காரராகப் பார்ப்பார்கள். டிப்ளமோ படித்த பிள்ளைகளுக்கு என் யோசனை: சான்றிதழ் வெல்டராகும் பாதையைத் தாழ்வாக நினைக்காதீர்கள்.

கணினித் துறைக்கு நாவல்பட்டில் எல்காட் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது. சென்னை, கோவை அளவுக்கு எதிர்பார்க்க வேண்டாம்.

என்.ஐ.டி. இங்கேதானே?

துவாக்குடியில், தஞ்சாவூர் சாலையிலேயே. 1964இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாக (ஆர்.இ.சி.) தொடங்கி 2003இல் தேசியத் தொழில்நுட்பக் கழகம், அதாவது என்.ஐ.டி. ஆனது. நடத்துநர்களில் பழைய ஆட்கள் இன்னமும் “ஆர்.இ.சி. இறங்கு” என்றுதான் கத்துவார்கள். ஜே.இ.இ. மெயின் தேர்வு மூலம் சேர்க்கை, இடங்களில் பாதி தமிழ்நாட்டு மாணவர்களுக்கு. சேர்க்கை நாட்களில் இந்தச் சாலையில் இந்தி, தெலுங்கு, மலையாளம் எல்லாம் கேட்கும். அதே துவாக்குடியில் அரசுக் கலைக் கல்லூரியும் அரசு பாலிடெக்னிக்கும் இருக்கின்றன. சுற்றுக் கிராமங்களில் வீட்டின் முதல் பட்டதாரிகளை உருவாக்குவது பெரும்பாலும் இவைதான். இவற்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பதால் நானே சொல்கிறேன்.

நகருக்குள் போய்வர என்ன வசதி?

பேருந்துதான் உயிர்நாடி. சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து துவாக்குடி வரை நகரப் பேருந்துகள் அடிக்கடி ஓடுகின்றன. தனியார் பேருந்துகளும் உண்டு, வேகமாகப் போகும், பாட்டும் சத்தமாக இருக்கும். தஞ்சாவூர் போகும் வெளியூர்ப் பேருந்துகளில் சில நடுவில் ஏற்ற மாட்டார்கள், கேட்டுவிட்டு ஏறுங்கள். 2025இல் பஞ்சப்பூரில் புதிய பேருந்து முனையம் திறந்த பிறகு மதுரை, சென்னைப் பக்கம் போக வேண்டுமானால் நகரின் மறுகோடிக்குப் போய் ஏற வேண்டியிருக்கிறது. நேரத்தைக் கூட்டிக் கணக்குப் போடுங்கள்.

ரயிலைப் பலர் மறந்துவிடுகிறார்கள். திருச்சி – தஞ்சாவூர் பாதையில் பொன்மலை, மஞ்சத்திடலுக்கு அடுத்தது திருவெறும்பூர் நிலையம். பாசஞ்சர் ரயில்கள் நிற்கும். நேரம் ஒத்துவந்தால் சாலை நெரிசலில் மாட்டாமல் ஜங்ஷன் போய்விடலாம், செலவும் குறைவு. விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையில் இருக்கிறது. தெற்குப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு அது கூப்பிடு தூரம்.

சர்வீஸ் சாலை, சர்வீஸ் சாலை என்று ஏன் எல்லாரும் புலம்புகிறார்கள்?

நெடுஞ்சாலையை ஒட்டி உள்ளூர் வண்டிகளுக்காகப் போடும் பக்கச் சாலைதான் சர்வீஸ் சாலை. ஒரு நாள் மாலை காட்டூரில் சாலையைக் கடந்து பாருங்கள், புலம்பல் ஏன் என்று புரிந்துவிடும். தஞ்சாவூர் நெடுஞ்சாலையை நான்கு வழியாக்கியபோது, பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை சுமார் 14 கிலோமீட்டருக்கு இருபுறமும் சர்வீஸ் சாலை அமையவில்லை. வழியில் அரியமங்கலம், காட்டூர், திருவெறும்பூர் என்று வீடும் கடையும் பள்ளியும் நெருங்கிய பகுதிகள். நாகை, வேளாங்கண்ணி வரை போகும் லாரியும் பேருந்தும், பால் வாங்க வந்த மொபெட்டும் ஒரே சாலையில். எதிர்த்திசையில் வண்டி ஓட்டுவது இங்கே சாதாரணம். பாவம், அடுத்த திருப்பம் அவ்வளவு தள்ளி இருக்கிறது. விபத்துகளும் அதற்கேற்ப.

சர்வீஸ் சாலை போடச் சொல்லிக் குடியிருப்போர் போராடினார்கள், வழக்கும் போனது. கடைக்காரர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. அகலப்படுத்த நிலம் எடுத்தால் கடை போய்விடும், அதற்குப் பதில் மேம்பாலச் சாலை போடுங்கள் என்றார்கள். ஆண்டுகள் இப்படியே ஓடின. மேம்பாலச் சாலை வரப்போகிறது என்று தேர்தலுக்குத் தேர்தல் கேட்கலாம். வீடு பார்க்கும்போது “மெயின் ரோட்டிலிருந்து இரண்டே நிமிஷம்” என்று தரகர் சொன்னால், அந்த மெயின் ரோட்டைப் பிள்ளைகள் எங்கே கடப்பார்கள் என்று கேளுங்கள்.

அரைவட்டச் சாலை வந்துவிட்டதா?

துவாக்குடிப் பக்கத்திலிருந்து நகருக்குத் தெற்கே சுற்றிக் கரூர் சாலையைத் தொடும் புறவழிச் சாலை அது. பாதையில் பல ஏரிகள் குறுக்கிட்டன. ஏரிக்குள் மண்ணைக் கொட்டிச் சாலை போட்டால் கொள்ளளவு போய்விடும் என்று விவசாயிகள் எதிர்த்ததில் வேலை பல வருஷம் நின்றது, வழி மாற்றியும் பாலம் போட்டும் பிறகு தொடர்ந்தது. விவசாயிகள் பிடிவாதம் பிடித்தது சரி என்பதே என் கட்சி.

மனை வாங்கலாமா? எந்தப் பக்கம்?

மேலே சொன்ன தஞ்சாவூர் சாலை என்ற கோட்டை மறக்காதீர்கள். வடக்கே நிலத்தடி நீர் மேலாகவே கிடைக்கும், ருசியும் நன்றாக இருக்கும். ஆனால் அது வயலாக இருந்த இடம். தாழ்வு. பெருமழையில் தண்ணீர் நிற்கும், களிமண்ணுக்கு அஸ்திவாரச் செலவும் கூடும். தெற்கே தண்ணீர் வடிந்து ஓடிவிடும், அஸ்திவாரம் உறுதி. ஆனால் போர் போட்டால் பாறையைக் குடைந்துகொண்டே போக வேண்டியிருக்கும், கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் தெருக்களும் உண்டு. மனை பார்க்க மார்ச், ஏப்ரலில் ஒரு தடவையும் ஐப்பசி மழையில் ஒரு தடவையும் வாருங்கள். தரகர் கூட்டிவரும் தை மாதத்தில் எந்த மனையும் அழகாகத்தான் இருக்கும்.

காகித விஷயம்: டி.டி.சி.பி. எனப்படும் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அங்கீகாரமில்லாத மனைகளில், 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான பிரிவுகளுக்குத்தான் வரன்முறைப்படுத்தும் திட்டம் வந்தது. பட்டா, வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம் மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். காவிரிக் கரை என்பதால் இன்னொரு சோதனையும் இங்கே அவசியம். கோயில் நிலம் நிறைய உள்ள வட்டாரம் இது. சர்வே எண்ணை வைத்து, அது அறநிலையத் துறைப் பதிவில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வாய்க்கால் புறம்போக்கு, ஏரி உள்வாய் என்று கிராம வரைபடத்தில் இருக்கும் இடம் பேப்பரில் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் வேண்டாம். அது வாய்க்கால்தான் என்று முதல் பெருமழை சொல்லிவிடும்.

என்னைக் கேட்டால், வேலை பெல், படைக்கலத் தொழிற்சாலை, என்.ஐ.டி. பக்கம் என்றால் தெற்கே பாருங்கள். பிள்ளைகளுக்கு நகரத்துப் பள்ளி, பெரியவர்களுக்கு நகரத்து மருத்துவமனை என்றால் காட்டூர்ப் பக்கம். நஞ்சையை மனையாக்கியதை வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. மலிவு என்பதால் வாங்குபவர்களைத் திட்டவும் மனம் வரவில்லை.

அரியமங்கலம் குப்பைக் கிடங்கின் நாற்றம் இதுவரை வருமா?

திருவெறும்பூர் வரை வராது. அரியமங்கலம், காட்டூரின் மேற்குப் பகுதியில் காற்று திரும்பினால் தெரியும். கோடையில் கிடங்கு தீப்பற்றிப் புகைந்த வருஷங்கள் உண்டு. பல ஆண்டுகளாகச் சேர்ந்த குப்பையைத் தோண்டிப் பிரித்து அகற்றும் பயோமைனிங் வேலை நடந்து மலை கரைந்திருக்கிறது. பக்கத்தில் வீடு பார்த்தால் ஒரு ராத்திரி இருந்து பாருங்கள்.

பார்க்க வேண்டிய இடம் என்ன இருக்கிறது?

முதலில் எறும்பீஸ்வரர் கோயில். பேருந்தில் “மலைக்கோயில்” என்று கேட்டு இறங்க வேண்டும். ஊருக்கு நடுவே சிறு குன்று, அதன்மேல் முற்காலச் சோழர் கட்டிய கற்கோயில். தாரகாசுரனுக்குப் பயந்த தேவர்கள் எறும்பு உருவில் வந்து பூசித்தார்கள், லிங்கம் வழுக்கியதால் இறைவன் புற்றாகி ஒரு பக்கம் சாய்ந்து கொடுத்தார் என்பது தலபுராணம். புற்று வடிவ லிங்கம் என்பதால் தண்ணீர் அபிஷேகம் கிடையாது. அப்பர் பாடிய தலம், அம்மன் நறுங்குழல் நாயகி. 18ஆம் நூற்றாண்டில் கர்நாடகப் போர்கள் நடந்தபோது படைகள் இந்தக் குன்றைக் காவலிடமாக வைத்திருந்தன. இப்போது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. படிகள் அதிகமில்லை, முழங்கால் வலி உள்ளவர்களும் மெதுவாக ஏறிவிடலாம். மேலே நின்றால் நான் சொன்ன வடக்கும் தெற்கும் கண்ணெதிரே தெரியும்.

துவாக்குடியைத் தாண்டித் திருநெடுங்களம். சம்பந்தர் “இடர் களையாய்” என்று பாடிய ஊர். வீட்டில் ஏதாவது கஷ்டம் என்றால் இங்கே போய்வருவது வழக்கம்.

கல்லணை பதினைந்து கிலோமீட்டருக்குள்தான். காவிரி, வெண்ணாறு, தஞ்சைக்காரர்கள் புது ஆறு என்னும் கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று ஆறு பிரிவதை ஒரே இடத்தில் பார்க்கலாம். வழக்கமாக ஜூன் 12 மேட்டூரில் திறக்கும் தண்ணீர் சில நாளில் இங்கே வரும், அப்போது போனால் நல்ல கூட்டம். ஆற்றில் இறங்கும் ஆசை வேண்டாம், ஒவ்வொரு ஆண்டும் யாராவது ஒருவர் போகிறார்.

மாட்டுப் பொங்கலுக்குப் பெரிய சூரியூர் ஜல்லிக்கட்டு. கூத்தைப்பாரிலும் நடக்கும். காலை ஆறு மணிக்கே இடம் பிடிக்க வேண்டும்.

அஞ்சல் குறியீட்டு எண் என்ன? ஒவ்வொருவரும் ஒன்று சொல்கிறார்கள்.

திருவெறும்பூர் 620013. கைலாசபுரம் 620014. என்.ஐ.டி. 620015. படைக்கலத் தொழிற்சாலை 620016. எச்.ஏ.பி.பி. 620025. ஆன்லைனில் பொருள் வாங்கும்போது எண்ணோடு பக்கத்து பஸ் ஸ்டாப் பெயரையும் எழுதிவிடுங்கள். அண்ணா நகரும் பாரதி நகரும் இங்கே ஒன்றுக்குமேல் இருக்கும், டெலிவரிப் பையன் போன் போட்டுக்கொண்டே சுற்றுவான்.